இடுப்பு வலியோடு வேலைக்குப் போகிறவர்களுக்கு...

"வெயிட் தூக்காதீங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க!"

இடுப்பு வலி என்று போனால் எந்த வைத்தியரும் முதலில் சொல்கிற வார்த்தை இதுதான். சொல்வது சுலபம். கேட்டுக் கொள்கிறவர் காஸ் சிலிண்டர் சுமப்பவராக இருந்தால்? ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைக்கிற நர்ஸாக இருந்தால்? தினமும் எட்டு மணி நேரம் பஸ் ஓட்டுகிறவராக, ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நிற்கிற பெண்ணாக இருந்தால்?

"ரெஸ்ட் எடுத்தா சம்பளம் யார் தருவாங்க டாக்டர்?" என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதானே! வீட்டு வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ், கூட்டுறவு சங்கத்தில் வாங்கிய கடன் எல்லாமே அந்த ஒரு முதுகை நம்பித்தான் இருக்கிறது. அதனால் வேலையை விடாமலே முதுகைக் காப்பாற்றிக் கொள்வது எப்படி என்றுதான் இங்கே பார்க்கப் போகிறோம். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு படியுங்கள்.

வலி எங்கிருந்து வருகிறது?

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்திலிருந்து இடுப்பு வரை அசையக்கூடிய 24 முள்ளெலும்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் நடுவே 23 வட்டுகள் உள்ளன. 'டிஸ்க்' என்றும் 'ஜவ்வு' என்றும் சொல்கிறோமே, அதுதான். வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே கொழகொழவென்ற பசை. வண்டிக்கு ஸ்பிரிங் மாதிரி இது உடம்பின் அதிர்ச்சியை வாங்கிக் கொள்கிறது.

மேல் உடம்பின் மொத்த பாரமும் இறங்குவது இடுப்பில் இருக்கும் கடைசி இரண்டு வட்டுகளின் மேல்தான். வட்டு பிதுங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். பிதுங்கிய வட்டு நரம்பை அழுத்தினால் வலி புட்டம் வழியாகத் தொடை, கெண்டைக்கால், பாதம் வரை மின்னல் மாதிரி இறங்கும்.

ஆனால் பயப்பட வேண்டாம். இடுப்பு வலி வருகிற எல்லோருக்கும் வட்டு விலகிவிடவில்லை. பெரும்பாலானவர்களுக்குத் தசையும் தசைநாரும் களைத்துப் போய்ப் பிடித்துக் கொள்வதுதான் காரணம். இது சில வாரங்களில் தானாகவே அடங்கக் கூடியது. அடங்க விடாமல் மறுபடி மறுபடி அதே தவறான முறையில் வேலை செய்கிறோமே, அங்கேதான் சிக்கல்!

30 கிலோ எப்படி 300 கிலோ ஆகிறது?

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். இதைப் புரிந்து கொண்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

வீட்டுக்கு வரும் காஸ் சிலிண்டரில் 14.2 கிலோ காஸ் இருக்கிறது. இரும்பின் எடையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. இதைக் கையை நீட்டிக் கொண்டு, இடுப்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளித் தூக்குவதாக வைத்துக் கொள்வோம். பின்னால் இழுத்துப் பிடிக்கிற முதுகுத் தசைகள் வட்டின் மையத்திலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. தராசில் ஒரு பக்கத் தண்டு நீளம், மறு பக்கம் குட்டை. குட்டைப் பக்கத்தில் பத்து மடங்கு இழுத்தால்தான் சமநிலைக்கு வரும். ஆக, 30 கிலோவைத் தாங்க உங்கள் முதுகுத் தசை 300 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. குனிந்த உடம்பின் பாரம் இதில் சேரவில்லை!

அதே சிலிண்டரை உடம்போடு நெருக்கி, 25 சென்டிமீட்டர் தூரத்தில் பிடியுங்கள். பாரம் சரிபாதியாகக் குறைந்து விடும். சிலிண்டர் மாறவில்லை, தூரம்தான் மாறியது. அதனால் 'எவ்வளவு எடை' என்று மட்டும் பார்க்காதீர்கள். 'எவ்வளவு தள்ளி' என்றும் பாருங்கள்.

இன்னொன்று. குனிந்த நிலையிலேயே இடுப்பைத் திருப்புவது வட்டுக்கு ஆகவே ஆகாது. பக்கத்தில் ஒரு பொருளை வைக்க வேண்டுமானால் இடுப்பைத் திருப்பாமல் பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள்.

சித்த மருத்துவம் என்ன சொல்கிறது?

வளி, அழல், ஐயம் என்ற மூன்றின் சமநிலைதான் ஆரோக்கியம் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை. அசைவு எல்லாம் வளியின் வேலை. வளி கெட்டால் வலி. வாத நோய்களை 80 வகையாக யூகி முனிவர் பிரித்து வைத்திருக்கிறார்.

வளி எதனால் கெடும்? அதிக சுமை, அதிக நடை, நேரம் தவறிய சாப்பாடு, இரவு கண் விழித்தல். இவற்றோடு, இயற்கையாக வரும் உந்துதல்களை அடக்குவதும் ஒரு காரணம். 'பதினான்கு வேகங்களை அடக்காதே' என்பது எங்கள் மருத்துவத்தின் பாலபாடம். மலம், சிறுநீர், தூக்கம், பசி, தாகம் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.

இந்தப் பட்டியலை ஒரு பஸ் டிரைவரின் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிரிப் நடுவில் சிறுநீர் கழிக்க முடியாது. அதற்காகவே தண்ணீர் குடிப்பதில்லை. சாப்பாடு எந்த நேரமோ, எந்த ஊரோ! மலச்சிக்கல் கூடவே வந்து விடுகிறது. முக்கி மலம் கழிக்கும்போது வட்டுக்குள் அழுத்தம் ஏறி, இருக்கிற வலி இன்னும் அதிகமாகிறது. ஆகவே இடுப்பு வலி என்று வருபவரிடம், "காலையில் வயிறு சுத்தமாகப் போகுதா?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். "நான் இடுப்பைச் சொல்றேன், இவர் வயித்தைக் கேக்குறாரே!" என்று சிலர் முழிப்பதுண்டு. காரணம் இதுதான்.

உங்கள் வேலை எது?

சுமை தூக்குபவர்கள்: ஒரு காலை முன்னால் வைத்து, முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு ஒட்டிப் பிடித்து எழுங்கள். எழுகிற வேலையைத் தொடையும் புட்டமும் செய்யட்டும். தூக்கும் நேரத்தில் மூச்சை அடக்காமல் விட்டுக் கொண்டே எழ வேண்டும். சிலிண்டரை அடி வளையத்தின் மேல் சாய்த்து உருட்டிப் போக முடிந்த இடத்தில் தூக்கவே தூக்காதீர்கள். உருட்டிப் போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை!

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. சிலிண்டர் வரும் நாளில் வாசலில் செருப்பு, சைக்கிள், பூந்தொட்டி எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். முப்பது கிலோவோடு ஒருவர் காலைத் தாண்டி வைத்து, இடுப்பைத் திருப்பி நுழைய வேண்டியிருக்காது.

நர்ஸ்கள், வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக் கொள்பவர்கள்: ஒற்றை ஆளாக நோயாளியைத் தூக்கக் கூடாது. அக்குளில் கை கொடுத்து இழுப்பது உங்களுக்கும் கெடுதல், அவருக்கும் கெடுதல். மடித்த பெட்ஷீட் ஒன்றை அவருக்குக் கீழே குறுக்காக விரித்து வையுங்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று அந்தத் துணியைப் பிடித்து நகர்த்தினால் பாதி சிரமம் குறையும். கட்டிலை உயர்த்த வசதி இருந்தால் உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கொண்டு வந்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள். மாமியாரையோ அப்பாவையோ வருடக்கணக்கில் தனியாகப் புரட்டிப் போட்டே முதுகைக் கெடுத்துக் கொண்ட பெண்கள் எத்தனையோ பேர். இதை 'வேலை' என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. முதுகு மட்டும் சேர்த்துக் கொள்கிறது!

டிரைவர்கள்: உட்கார்ந்தே செய்கிற வேலை என்றாலும், முன்னால் சாய்ந்து உட்காரும்போது வட்டுக்குள் இருக்கும் அழுத்தம் நிற்கும்போது இருப்பதை விட அதிகம். சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் வட்டுக்குள் ஊசி செலுத்தி அளந்து பார்த்த விஷயம் இது. கூடவே எஞ்சின் அதிர்வும், ரோட்டின் குழிகளும். ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி இடுப்பின் உள்வளைவில் வைத்துக் கொள்ளுங்கள். வண்டியை நிறுத்தியதும் இறங்கிச் சில நிமிடம் நடங்கள். இறங்கிய வேகத்தில் மூட்டையையோ ஸ்டெப்னியையோ தூக்காதீர்கள். நெடுநேரம் உட்கார்ந்த பிறகு தசைநார்கள் தளர்ந்து போயிருக்கும்.

நின்றே வேலை செய்பவர்கள்: ஜவுளிக்கடை, மளிகைக்கடை ஊழியர்கள் ஒரு சின்னப் பலகையைக் காலடியில் போட்டு, மாற்றி மாற்றி ஒரு காலை அதன் மேல் வைத்துக் கொண்டால் இடுப்புத் தசைக்கு ஓய்வு கிடைக்கும். தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ம் ஆண்டு ஒரு திருத்தம் வந்தது தெரியுமா? ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை வசதி தர வேண்டும் என்கிறது அது. வியாபாரம் இல்லாத ஐந்து நிமிடம் உட்காருவது சலுகை அல்ல, சட்டம் தந்த உரிமை. தயங்காமல் கேளுங்கள்.

சமையல் வேலை செய்பவர்கள்: நிறைந்த அண்டாவை ஒருவர் தூக்கக் கூடாது. இரண்டு பேர், இரண்டு காது! தண்ணீரை அண்டாவோடு தூக்குவதை விட, அடுப்பில் வைத்த பிறகு குடம் குடமாக ஊற்றுங்கள். தரையில் குனிந்து நறுக்குவதற்குப் பதில் மேஜை போட்டு நின்று நறுக்குங்கள்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. இரவு படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது அதனால்தான். உப்பிய வட்டைக் குனிந்து நசுக்கினால் எளிதில் பாதிக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் பளு தூக்குவதும், ஆழமாகக் குனிவதும் வேண்டாம். வாசல் தெளிப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது எல்லாம் கொஞ்சம் நடமாடிய பிறகு இருக்கட்டும்.

பிடித்துக் கொண்டால் என்ன செய்வது?

"சுளீர்னு பிடிச்சுது, அப்படியே நின்னுட்டேன்" என்கிற நிலை. முதலில், மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணை வையுங்கள். அல்லது ஒருக்களித்துப் படுத்து இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை வையுங்கள். வட்டின் மேல் அழுத்தம் குறைந்து ஆசுவாசம் தெரியும்.

ஆனால் நாள்கணக்கில் படுத்தே கிடக்காதீர்கள். 1986-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ஏழு நாள் படுக்கையில் இருக்கச் சொன்னவர்களை விட, இரண்டே நாள் இருக்கச் சொன்னவர்கள் குணமாவதில் பின்தங்கவில்லை. வேலைக்கும் சீக்கிரம் திரும்பினார்கள். அதன் பிறகு உலகம் முழுவதும் வைத்தியம் மாறிவிட்டது. இப்போது, முடிந்த வரை நடமாடுவதுதான் மருந்து. வீட்டுக்குள்ளேயே மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் நடங்கள்.

ஒத்தடம்: ஒரு கைப்பிடி கல் உப்பும், இரண்டு கைப்பிடி தவிடும் இரும்புச் சட்டியில் வறுத்துப் பருத்தித் துணியில் முடிந்து கொள்ளுங்கள். புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் ஒற்றி எடுங்கள். காலை மாலை இரண்டு வேளை. நொச்சி இலை, ஆமணக்கு இலை கிடைத்தால் விளக்கெண்ணெய் விட்டு வதக்கி அதே மாதிரி ஒற்றலாம். சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்துப் போனவர்களுக்குச் சூடு தெரியாது. வேறு ஒருவர் சூடு பார்த்து ஒற்ற வேண்டும்.

எண்ணெய்: வெதுவெதுப்பான நல்லெண்ணெயோ, கற்பூராதி தைலமோ, வாதகேசரி தைலமோ தடவி, மெதுவாக மேலிருந்து கீழாக நீவி விட்டு, அரை மணி கழித்து வெந்நீர் ஊற்றுங்கள். நீவத்தான் வேண்டும், நெரிக்கக் கூடாது! முதுகில் ஏறி மிதிப்பது, 'சொடக்கு' எடுப்பது, காலைப் பிடித்து வெட்டி இழுப்பது எல்லாம் ஆபத்து. தொக்கணம், வர்மம் ஆகியவை முறையாகப் படித்தவரிடம் செய்து கொள்ள வேண்டியவை. வலி காலுக்கு இறங்கியிருந்தால் பரிசோதனை செய்யாமல் யாரையும் முதுகில் கை வைக்க விடாதீர்கள்.

சாப்பாடு: வாரம் இரண்டு மூன்று நாள் முடக்கறுத்தான் இலையை தோசை மாவில் அரைத்துச் சேருங்கள். கொள்ளு ரசம், பிரண்டைத் துவையல் சேர்க்கலாம். பிரண்டையை நல்லெண்ணெயில் வதக்கிப் புளி சேர்த்து அரைத்தால் நாக்கு அரிக்காது. கருப்பு உளுந்தும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்ந்த உளுந்தங்களி, உடல் உழைப்பு உள்ளவர்களுக்கு நல்ல ஊட்டம். சர்க்கரை உள்ளவர்கள் கருப்பட்டியைத் தவிர்க்கவும். கர்ப்பிணிகள் முடக்கறுத்தானை வைத்தியரைக் கேட்காமல் சேர்க்க வேண்டாம். இவையெல்லாம் உடம்பைத் தயார்ப்படுத்தும். தூக்குகிற முறையை மாற்றாமல் களி மட்டும் சாப்பிட்டால் வலி போகாது. பீடி, சிகரெட் வட்டுக்குப் போகும் ஊட்டத்தைக் குறைக்கும். இடுப்பு வலிக்காரர்களுக்கு அது இரட்டைக் கெடுதல்.

பெல்ட், மாத்திரை, ஸ்கேன்

பெல்ட் கட்டிக் கொண்டால் எவ்வளவு வேண்டுமானாலும் தூக்கலாம் என்று நினைக்கிறார்கள். தப்பு! அமெரிக்க அரசின் தொழிலாளர் உடல்நல ஆய்வு நிறுவனம் 1994-லேயே, அடிபடாத தொழிலாளிக்கு பெல்ட் பாதுகாப்பு தருவதாக ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. வலி கடுமையாக உள்ள சில நாட்களுக்கு டாக்டர் சொன்னால் போட்டுக் கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி தினம் ஒன்று போட்டுக் கொள்கிற வலி மாத்திரை. "போட்டாத்தான் டூட்டி பார்க்க முடியுது" என்பார்கள். மாதக்கணக்கில் இப்படிப் போட்டால் குடல் புண்ணாகும், ரத்தக் கசிவு வரும், சிறுநீரகம் கெடும். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்பவருக்கு இன்னும் வேகமாகக் கெடும். என் துறையின் பெயரைச் சொல்லி நடக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். லேபிள் இல்லாத பொட்டலத்தில், 'மூலிகைப் பொடி, ஒரே நாளில் வலி போகும்' என்று விற்பதை வாங்காதீர்கள். இம்மாதிரி பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பற்பம், செந்தூரம் போன்றவற்றை, பதிவு பெற்ற மருத்துவர் நாடி பார்த்து எழுதிக் கொடுக்காமல் தொடவே கூடாது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' என்று பார்த்ததும் வாழ்க்கையே முடிந்த மாதிரி அழுபவர்கள் உண்டு. 1994-ல் அமெரிக்காவில் இடுப்பு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் வட்டுப் பிதுக்கம் இருந்தது! ஆகவே ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உங்கள் காலின் பலம், உணர்ச்சி, நடை இவற்றோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்கு!

கீழ்க்கண்ட அறிகுறிகள் இருந்தால் ஒத்தடம், தைலம் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* சிறுநீர் வராமல் அடைபடுவது, அல்லது சிறுநீரோ மலமோ தெரியாமலே போவது.

* தொடை இடுக்கு, ஆசனவாய்ப் பகுதி மரத்துப் போவது.

* பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது, கால் பலம் குறைந்து கொண்டே போவது.

* வலியோடு மாலைக் காய்ச்சல், எடை குறைதல். முதுகெலும்பில் காசநோய் இருக்கலாம்.

* கீழே விழுந்த பிறகு வந்த வலி. வயதானவர்களுக்கு லேசாக விழுந்தாலும் கூட.

* இரவில் படுத்தாலும் குறையாத வலி, முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்கு வரும் புது வலி.

முதல் மூன்றும் நரம்பு நசுங்குவதைக் காட்டுபவை. இதில் மணிக்கணக்கு முக்கியம். அன்றே பார்க்க வேண்டும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிப் போட்டால் பிறகு ஆபரேஷன் செய்தாலும் பழைய பலம் வராமல் போகலாம்.

தினமும் பத்து நிமிடம்

கடுமையான வலி அடங்கிய பிறகு, வேலை முடிந்து வந்த மாலையில், பாயில் படுத்து இவற்றைச் செய்யுங்கள்.

மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக மார்புக்கு இழுத்து, பத்து எண்ணி விடுங்கள். பிறகு இரண்டு முழங்காலையும் மடக்கி, பாதத்தை ஊன்றி, புட்டத்தை மேலே தூக்கி ஐந்து எண்ணி இறக்குங்கள். அடுத்து, குழந்தை தவழும் நிலையில் இருந்து வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டுங்கள், பிறகு மாற்றுங்கள். ஒவ்வொன்றும் எட்டு முறை போதும். செய்யும்போது வலி காலுக்கு இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள்.

"நாள் பூரா உழைக்கிறேன், எனக்கு எதுக்கு டாக்டர் எக்சர்சைஸ்?" என்று கேட்பீர்கள். வேலை ஒரே தசையை ஒரே மாதிரி தேய்க்கிறது. பயிற்சிதான் வயிறு, புட்டம், முதுகு மூன்றையும் சேர்த்து பலப்படுத்துகிறது. தேய்மானம் வேறு, பலம் வேறு!

கடைசியாக வீட்டில் இருப்பவர்களுக்கு. வேலையிலிருந்து வந்தவர் 'இடுப்பு வலிக்குது' என்றால், "தினமும் இதே பாட்டுதான்" என்று சொல்லி விடாதீர்கள். கால் மரக்கிறதா, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று கேளுங்கள். மாத்திரை டப்பாவைத் திறந்து எத்தனை காலியாகியிருக்கிறது என்று பாருங்கள். வலி ஆறு வாரத்தைத் தாண்டினால் கையைப் பிடித்து வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். வலியை வெளியே சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்து மறைக்கிறவர்கள்தான் கடைசியில் வேலையையே விட வேண்டிய நிலைக்கு வருகிறார்கள். சீக்கிரம் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதே வேலையை, தூக்கும் முறையை மட்டும் மாற்றிக் கொண்டு, இன்னும் பல வருடம் செய்கிறார்கள்.